மலிவான பல அடுக்கு கோல்ஃப் பந்து உங்களுக்குச் சரிப்படுமா? கிரீனில் தொடங்கி டீ வரை நீங்களே சோதித்துப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

பெரிய வீரர்கள் ஆடும் பந்தைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் இப்போது மூன்று அடுக்கு, நான்கு அடுக்குப் பந்துகள் வருகின்றன. வாரத்துக்கு ஒருமுறை ஆடுகிறவர்களுக்கு அவை உதவுமா என்றால், சிலருக்கு நன்றாகவே உதவும், சிலருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை விளம்பரத்தையோ நண்பரின் சிபாரிசையோ வைத்துச் சொல்ல முடியாது. நீங்களே அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

புதிதாகச் சோதிக்க வருகிறவர்களைக் கவனித்தால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ட்ரைவரை (மிக நீண்ட தூரத்துக்கான மட்டை) எடுத்து, புதுப் பந்தில் நாலு அடி, பழைய பந்தில் நாலு அடி, எது தூரம் போனதோ அதற்கு ஒரு டஜன் ஆர்டர். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. பந்துக்குப் பந்து வித்தியாசம் பெரிதாக இருப்பது கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) அருகில், டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) அது மிகச் சிறியது. எங்கே பெரிதோ அங்கே தொடங்குவோம்.

1. அடுக்கை எண்ணுவதற்கு முன் மேலுறையைப் பாருங்கள்

பெட்டியில் ‘3 பீஸ்’ என்று போட்டிருந்தால் பந்து கிரீனில் பிடித்து நிற்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அடுக்கின் எண்ணிக்கை அதை முடிவு செய்வதில்லை. மேலுறை என்ன பொருள் என்பதுதான் முடிவு செய்கிறது.

சாதாரண இரண்டு அடுக்குப் பந்தில் உள்ளே பாலிபியூட்டடைன் ரப்பர் கரு, வெளியே அயனோமர் உறை. சர்லின் என்று பலரும் சொல்வது இந்த அயனோமரில் ஒரு வகை. மூன்று அடுக்குப் பந்தில் கருவுக்கும் உறைக்கும் நடுவே இன்னோர் அடுக்கு வருகிறது. மேலே மென்மையான யூரித்தேன், அதற்குக் கீழே கொஞ்சம் கடினமான நடு அடுக்கு என்று இருந்தால், வெட்ஜால் (குறைந்த தூரத்துக்குப் பந்தை உயர்த்தி அடிக்கும் மட்டை) அடிக்கும்போது அந்த மெல்லிய உறை நடு அடுக்குக்கும் வெட்ஜ் முகத்தில் இருக்கும் வரிப்பள்ளங்களுக்கும் இடையில் மாட்டிக் கசங்கும். அந்தப் பிடிப்பிலிருந்துதான் சுழற்சி பிறக்கிறது. மேலே அயனோமர் என்றால் நடுவே எத்தனை அடுக்கு வைத்தாலும் அந்தப் பிடிப்பு அவ்வளவு கிடைக்காது.

உதாரணத்துக்கு டெய்லர்மேட் டூர் ரெஸ்பான்ஸ் மூன்று அடுக்கு, யூரித்தேன் உறை. அதே நிறுவனத்தின் சாஃப்ட் ரெஸ்பான்ஸும் மூன்று அடுக்குதான், ஆனால் உறை அயனோமர். பெயரில் ஒரு சொல்தான் மாறுகிறது, கிரீன் அருகே இரண்டும் வேறு வேறு பந்துகள். ஸ்ரிக்ஸன் கியூ-ஸ்டார் டூர், வைஸ் புரோ, மேக்ஸ்ஃப்ளை டூர் ஆகியவை மூன்று அடுக்கு யூரித்தேன் வரிசையில் வருபவை. தயாரிப்பாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயரை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றுவார்கள், அதனால் வாங்கும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

கம்ப்ரஷன் எண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பந்து எவ்வளவு எளிதாக அமுங்கும் என்பதைக் காட்டும் எண் அது, குறைவாக இருந்தால் மென்மை. மெதுவாக வீசுகிறவர்கள் குறைந்த எண் பந்தைத்தான் வாங்க வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேகமாக வீசுகிறவர் மிக மென்மையான பந்தை அடித்தால் பந்தின் வேகம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. வேகம் குறையக் குறைய அந்த வித்தியாசமும் சுருங்கிவிடுகிறது. போதாததற்கு எல்லா நிறுவனங்களும் அந்த எண்ணை ஒரே முறையில் அளப்பதில்லை, ஆகவே ஒரு நிறுவனத்தின் 70-ஐ இன்னொன்றின் 70-உடன் ஒப்பிடுவதில் பொருளில்லை. கையில் எப்படி இருக்கிறது, காதில் எப்படிக் கேட்கிறது என்ற விருப்பத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று வகைப் பந்துகள் போதும். ஒன்று நீங்கள் இப்போது ஆடும் பந்து. இன்னொன்று நீங்கள் யோசிக்கும் மலிவான யூரித்தேன் பந்து. மூன்றாவதாக ஒரு சாதாரண இரண்டு அடுக்கு அயனோமர் பந்து. இப்போது ஆடுவதே அதுதான் என்றால் மூன்றாவது இடத்துக்கு விலை உயர்ந்த பந்து ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். வகைக்கு மூன்று பந்து, அதாவது ஒரு சிறிய பெட்டி. ஐந்து வகை, ஆறு வகை என்று போனால் ஒவ்வொன்றுக்கும் போதுமான அடிகள் கிடைக்காது, கடைசியில் களைப்பைத்தான் அளந்திருப்பீர்கள்.

எல்லாம் புதிதாகவோ ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலோ இருக்கட்டும். கீறல் விழுந்த பழைய பந்தையும் பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த பந்தையும் ஒப்பிட்டுவிட்டுப் புதுப் பந்து பிரமாதம் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒப்பிட்டது இரண்டு வகைகளை அல்ல, பழசையும் புதுசையும்.

சோதனைக்கு முந்தைய இரவே எல்லாப் பந்துகளையும் ஒரே பையில், வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். குளிர்ந்த ரப்பர் கரு குறைவாகத்தான் எதிர்த்தெழும், ஒன்று வண்டியிலும் இன்னொன்று வீட்டிலும் கிடந்தால் அதுவே ஒரு வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

ஒரு கறுப்பு மார்க்கர், ஈரத்துணி, உலர்ந்த துணி, வெட்ஜின் பள்ளங்களைத் தேய்க்க ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், எட்டுப் பத்து டீ (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சி), குறிப்பேடு. 0.1 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் நல்லது. பந்தின் பெயரை மார்க்கரால் அடித்து மறைத்துவிட்டு, வகைக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று வையுங்கள். கூட வருகிறவரைப் புள்ளி உங்களுக்குத் தெரியாதபடி அடியில் வைத்துப் பந்தைப் போடச் சொல்லுங்கள். இது தேவையா என்று தோன்றும். பெயர் தெரிந்தால் கை தானாக நம்பிக்கையோடு அடிக்கிறது, அடி நன்றாக விழுந்ததற்கான பெருமை பந்துக்குப் போய்விடுகிறது.

சோதனையைப் பயிற்சி இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணி வெற்றியைத் தீர்மானிக்கும் முறை) போட்டி நாளில் சுற்று தொடங்கும் முன் அந்தப் போட்டி மைதானத்தில் பயிற்சி அடி அடிக்கப் பொதுவாக விதி அனுமதிப்பதில்லை. பின்னால் ஆட்கள் காத்திருக்கும் நேரத்தில் கிரீன் ஓரம் நின்று பத்துப் பந்து அடிப்பதும் நியாயமில்லை.

3. அடிப்பதற்கு முன் எடையும் சமநிலையும்

விதிப்படி ஒரு பந்து 45.93 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எடைக்குக் கீழ் எல்லை இல்லை, விட்டத்துக்கு மேல் எல்லை இல்லை. உங்கள் மூன்று வகைப் பந்துகளையும் எடை போட்டுப் பாருங்கள். நீங்கள் தேடுவது ஒரே பெட்டியில் வந்தவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைத்தான். மலிவான பந்தில் பணம் மிச்சப்படுத்தும் இடங்களில் ஒன்று தரக் கட்டுப்பாடு, அது இங்கேதான் வெளியே தெரியும்.

அடுத்தது உப்புநீர். மேலே சொன்ன எல்லை அளவுகளைக் கணக்குப் போட்டால் பந்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.13 கிராம் வருகிறது, அதனால் வெறும் நீரில் மூழ்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 220 முதல் 260 கிராம் வரை சாதாரண உப்பைக் கரைத்து ஆறவிட்டால் மிதக்கத் தொடங்கும். மேலே தெரியும் இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, பந்தைச் சுண்டிவிட்டு, அசைவு அடங்கிய பிறகு பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் மேலே வந்தால் நல்லது. ஐந்து முறையும் அதே புள்ளி சட்டென்று மேலே திரும்பினால் ஒரு பக்கம் கனம் கூடியிருக்கிறது.

இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். எவ்வளவு கோணல் என்று அது சொல்லாது, மிகச் சிறிய ஏற்றத்தாழ்வுகூட நீரில் பந்தைத் திருப்பிவிடும். பெட்டியில் ஒரு பந்து மட்டும் அடம்பிடித்தால் அதைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்றும் அடம்பிடித்தால் வேறு வகைக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம்.

4. பட்டிங்

கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் இந்தப் படியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. 3 கெஜம், 8 கெஜம் என இரண்டு தூரங்களிலிருந்து வகைக்கு ஆறு அடி. பட்டிங்கில் பந்துக்குப் பந்து தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் சத்தம்தான், நாம் ‘மென்மை’ என்று சொல்வதில் பாதி காதில் கேட்பது. சத்தம் பிடிக்காவிட்டால் வேகம் கணிப்பது தடுமாறும், அதனால் பிடிக்காத பந்தை இங்கேயே ஒதுக்கினால் தவறில்லை. மற்றபடி எந்தப் பந்து குழியில் விழுந்தது என்று எண்ணாதீர்கள். ஆறு அடியில் அது எதையும் நிரூபிக்காது.

5. சிப்: பந்து விழும் இடத்தைக் கட்டிப்போடுங்கள்

இனிதான் உண்மையான வேலை. சிப் என்றால் கிரீன் ஓரத்திலிருந்து பந்தைத் தாழ்வாகத் தட்டி உருளவிடும் சிறிய அடி. கிரீன் ஓரத்திலிருந்து மூன்று நான்கு காலடி வெளியே நின்று, கிரீனுக்குள் ஒரு கெஜத்துக்கு ஒரு கெஜம் சதுரமாக நாலு டீயை நட்டுவையுங்கள். எப்போதும் சிப் அடிக்கும் அதே வெட்ஜ். பந்து அந்தச் சதுரத்துக்குள் விழுந்தால் மட்டுமே கணக்கு, வெளியே விழுந்தால் எழுதவே வேண்டாம், எடுத்து மறுபடி அடியுங்கள்.

ஏன் இப்படி? நம்மைப் போன்றவர்கள் அடிக்கும் பத்துச் சிப்பில் பந்து விழும் இடமே இரண்டு மூன்று கெஜம் மாறும். கடைசியாகப் பந்து நின்ற இடத்தை மட்டும் பார்த்தால் நம் கையின் ஏற்ற இறக்கத்தைப் பந்தின் குணம் என்று எழுதிவிடுவோம். விழுந்த இடத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அங்கிருந்து எவ்வளவு உருண்டது என்பதை மட்டும் காலடியால் அளந்தால், மிஞ்சுவது பெரும்பாலும் பந்தின் வேலை. வகைக்கு எட்டு நல்ல அடி கிடைக்கும் வரை தொடருங்கள்.

அடிக்கும் வரிசையும் முக்கியம். ஒரு வகையில் எட்டை அடித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி. முதலில் அடிக்கும் வகை கை சூடாகாத நேரத்தில் மாட்டிக்கொள்ளும், கடைசி வகை களைத்த நேரத்தில் மாட்டிக்கொள்ளும். மாற்றி அடித்தால் இரண்டு கஷ்டமும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். என்னுடன் ஆடும் ஒருவர் இதைக் கேட்காமல் வரிசையாக அடித்துக் கடைசி வகைதான் தனக்கு என்று உறுதியாகச் சொன்னார், மறுவாரம் வரிசையை மாற்றி அடித்தபோது மறுபடியும் கடைசி வகைதான் ஜெயித்தது, அது வேறு பந்து. அவர் சோதித்துக்கொண்டிருந்தது கை எப்போது பழகுகிறது என்பதை.

சிறிய சிப்பில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம், ஏனென்றால் மட்டையின் வேகம் குறைவு. கவலைப்படாமல் எழுதிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

6. பிட்ச்: 30 முதல் 60 கெஜம் வரை, இங்கேதான் தீர்ப்பு

பிட்ச் என்றால் சிப்பைவிடத் தூரத்திலிருந்து பந்தை உயர்த்திக் கிரீனில் விழவைக்கும் அடி. மொத்த நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். சதுரத்தை இரண்டு கெஜத்துக்கு இரண்டு கெஜமாகப் பெரிதாக்கி, 40 கெஜத்திலிருந்து தொடங்குங்கள். இந்தத் தூரத்தில் வெட்ஜுக்குப் போதுமான வேகம் வந்துவிடும், ஆனால் முழு வீச்சில் வரும் செங்குத்தான இறக்கம் வராது. பந்து நிற்க வேண்டுமென்றால் சுழற்சிதான் துணை. யூரித்தேனுக்கும் அயனோமருக்கும் உள்ள சுழற்சி வித்தியாசம் இங்கே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளாக இருக்கும், ட்ரைவரில் அதே இரண்டு பந்துகளுக்கு நடுவே பெரும்பாலும் சில நூறுதான்.

ஒவ்வோர் அடிக்கும் முன் வெட்ஜ் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, பள்ளங்களில் மண் இருந்தால் பிரஷ் போட்டு, உலர்ந்த துணியால் காயவையுங்கள். சலிப்பான வேலை. விட்டுவிட்டால் பந்தின் உறைக்கு வேலையே இல்லாமல் போய்விடும், நடுவே புல்லும் ஈரமும் வந்தால் விலை உயர்ந்த யூரித்தேனும் வழுக்கத்தான் செய்யும். புதியவர்கள் ‘எனக்கு எந்தப் பந்தும் ஒன்றுதான்’ என்று சொல்லும்போது நான் முதலில் கேட்பது வெட்ஜைத் துடைத்தீர்களா என்றுதான், பாதிப் பேருக்கு விடை அதிலேயே கிடைத்துவிடுகிறது.

இரண்டு விஷயங்களை எழுதுங்கள். முதலாவது, விழுந்த பிறகு உருண்ட தூரம். இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: பந்து முகத்தைவிட்டு எவ்வளவு உயரத்தில் கிளம்புகிறது. பிடிப்பு இல்லாத பந்து வெட்ஜ் முகத்தில் மேல்நோக்கி வழுக்கி, உயரமாகக் கிளம்பும், சுழற்சி குறைவாக இருக்கும். பிடிப்பு உள்ள பந்து தாழ்வாகக் கிளம்பி, ஒன்றிரண்டு குதி குதித்துச் சட்டென்று அடங்கும். கூட வந்தவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, பின்னால் இருக்கும் மரத்தையோ வேலியையோ அடையாளமாக வைத்து ‘தாழ்வு, நடு, உயரம்’ என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் உறையின் வேலையைக் கண்ணால் பார்க்கும் வழி இது.

அப்புறம் அதையே ரஃபிலிருந்தும் (ஒட்ட வெட்டிய ஃபேர்வேக்கு வெளியே இருக்கும் உயரமான புல்) செய்யுங்கள், வகைக்கு ஐந்து போதும். முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் மாட்டிக்கொள்வதால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். உங்கள் சுற்றில் கிரீனைத் தவறவிடும்போது பெரும்பாலும் பந்து அடர்ந்த புல்லில்தான் கிடக்கிறது என்றால், ஃபேர்வேயில் பார்த்த அழகான வித்தியாசத்தில் கொஞ்சம்தான் உங்கள் கணக்கில் வரும். யூரித்தேன் வாங்கலாமா என்ற கேள்விக்கு இந்த ஐந்து அடிகள், நான் பார்த்தவரை, மற்ற எல்லாவற்றையும்விட நேர்மையான பதிலைச் சொல்கின்றன.

முடிந்ததும் பந்துகளை விரலால் தடவிப் பாருங்கள். யூரித்தேன் மென்மையாக இருப்பதால் புது வெட்ஜின் கூர்மையான பள்ளம் அதைச் சுரண்டும். இருபது முப்பது பிட்ச்சுக்குள் உறை நார் நாராகக் கிளம்புகிறதா, பெயின்ட் மட்டும் போயிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பந்து ஒரே சுற்றில் கந்தலாகிவிட்டால் அது மலிவில்லை.

7. அயர்ன்

8 அயர்ன் அல்லது 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான மட்டைகள்), வகைக்கு எட்டு. கிரீனை நோக்கி அடிக்கக் கூடிய இடம் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள், பயிற்சித் திடலின் பாயில் நின்று காட்டை நோக்கி அடிப்பதில் பயன் குறைவு. பாய் மட்டையை வழுக்கிக் கொண்டுபோய், மோசமான அடியையும் நல்லதாக்கிக் காட்டும்.

பார்க்க வேண்டியது, பந்து விழுந்து பதிந்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான். கிரீன் மென்மையாக, ஈரமாக இருந்தால் எல்லா வகையும் நிற்கும், உயரத்திலிருந்து செங்குத்தாக விழுவதே போதுமானது. கிரீன் காய்ந்து இறுகியிருந்தால்தான் வகைகள் பிரியும். நீங்கள் வழக்கமாக ஆடும் கிரீன் எப்படிப்பட்டதோ அப்படிப்பட்டதில் சோதியுங்கள்.

8. ட்ரைவர் கடைசியில், அதுவும் அளவோடு

ட்ரைவரால் அடிக்கும்போது பந்து கருவரைக்கும் அமுங்குகிறது. தூரத்தைப் பெரும்பாலும் கருவும், காற்றில் போகும்போது பந்தின் மேலுள்ள சிறு குழிகளின் அமைப்பும் தீர்மானிக்கின்றன, மெல்லிய மேலுறைக்கு இங்கே பெரிய வேலை இல்லை. அதோடு பந்தின் தொடக்க வேகத்துக்கும் மொத்தத் தூரத்துக்கும் விதியே மேல் எல்லை வைத்திருக்கிறது. ஆகவே ஒழுங்காகச் செய்யப்பட்ட பந்துகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகத்தான் இருக்கும், மலிவு என்பதால் முப்பது கெஜம் குறையாது, அடுக்கு கூடியதால் முப்பது கெஜம் அதிகமாகவும் ஆகாது.

கணக்கையும் பாருங்கள். உங்கள் ட்ரைவர் அடிகள் சராசரியிலிருந்து முன்னும் பின்னும் 15 கெஜம் சிதறுகின்றன என்று வைத்துக்கொள்வோம், சாதாரண ஆட்டக்காரருக்கு இது அதிகமில்லை. அப்படியானால் பத்து அடியின் சராசரியே கிட்டத்தட்ட 5 கெஜம் இப்படியும் அப்படியும் தானாக அலையும். இரண்டு பந்துகளுக்கு நடுவே உண்மையான வித்தியாசம் 3, 4 கெஜம் என்றால் பத்து அடியில் அதைப் பார்க்கவே முடியாது. ட்ரைவரில் தொடங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இங்கே தேட வேண்டியது ஒன்றுதான்: ஏதாவது தவறு இருக்கிறதா. ஒரு வகை மட்டும் தொடர்ந்து மேலே மேலே ஏறி, கடைசியில் செத்து விழுகிறதா? ஒரு வகை மட்டும் காரணமில்லாமல் இடமும் வலமும் ஆடுகிறதா? மூன்றாம் படியில் சமநிலை கோணலாகக் காட்டிய பந்து இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். எதிர்காற்றில் ஐந்து, முதுகுக் காற்றில் ஐந்து அடித்தால் போதும்.

யூரித்தேன் பந்து அதிகம் சுழலும், அதனால் ஸ்லைஸும் (பந்து பக்கவாட்டில் வளைந்து விலகிப் போவது) அதிகமாகும் என்ற பயம் பலருக்கு உண்டு. வெட்ஜில் அதிகம் சுழலும் பந்து ட்ரைவரிலும் அதே அளவு சுழலும் என்பதில்லை, அடுக்குகளைப் பிரித்து வைப்பதன் நோக்கமே அந்த இரண்டையும் பிரிப்பதுதான். ஸ்லைஸ் மட்டை வீசும் பாதையைவிட அதன் முகம் திறந்திருப்பதால் வருகிறது. பந்தை மாற்றி அதில் கொஞ்சம் குறைக்கலாமே தவிர நீக்க முடியாது.

சுழற்சி காட்டும் கருவி கையில் இருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள். விலை குறைந்த சில கருவிகள் சுழற்சியை நேரடியாக அளப்பதில்லை, வேறு எண்களிலிருந்து கணக்கிட்டுத்தான் சொல்கின்றன. அப்படிப்பட்ட கருவியில் உறையின் வித்தியாசம் தெரியாமலே போகும். அப்புறம், பயிற்சித் திடல் பந்துகளை ஒருபோதும் ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

9. நாலு சுற்று ஆடி எழுதுங்கள்

சோதனையில் ஜெயித்த ஒரே வகையை எடுத்துக்கொண்டு நாலு சுற்று ஆடுங்கள். நடுவில் மாற்றாதீர்கள், மாற்றினால் கிரீன் அருகே கை ஒன்றுக்கும் பழகாது. விதி என்னவோ சாதாரண ஆட்டத்தில் தாராளமாகத்தான் இருக்கிறது. ஒரு குழியை எந்தப் பந்தில் தொடங்கினோமோ அதிலேயே முடிக்க வேண்டும், பந்து தொலைந்தாலோ விதி மாற்ற அனுமதித்தாலோ தவிர. அடுத்த குழிக்குப் போகும் முன் வேறு பந்து எடுக்கலாம். சுற்று முழுக்க ஒரே வகைதான் என்ற நிபந்தனை சில உயர்நிலைப் போட்டிகளில் மட்டும் உள்ளூர் விதியாக வரும்.

சுற்றுக்கு நாலு எண்களை எழுதுங்கள். எத்தனை பந்து தொலைத்தீர்கள். 60 கெஜத்துக்குள்ளிருந்து அடித்தவை எத்தனை, அவற்றில் ஒரே பட்டில் முடிக்கும் அளவுக்கு அருகே நின்றவை எத்தனை. தேய்மானத்தால் ஓய்வு கொடுத்த பந்து எத்தனை. மொத்த ஸ்கோரை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அதில் ட்ரைவர், காற்று, மூன்று பட், அன்றைய தூக்கம் எல்லாம் கலந்திருக்கிறது.

10. எண்களைப் பார்த்து முடிவெடுப்பது

பிட்ச்சில் உருளும் தூரம் தெளிவாகக் குறைந்து, ரஃபிலிருந்தும் கொஞ்சமாவது குறைந்து, சுற்றுக்கு ஒன்றிரண்டு பந்துக்கு மேல் தொலைக்காதவர் என்றால் மலிவான யூரித்தேன் உங்களுக்கானது, யோசிக்காமல் வாங்குங்கள். விலை உயர்ந்ததற்கும் அதற்கும் நடுவே உங்கள் கையில் மிஞ்சும் வித்தியாசம் மிகச் சிறியதாகத்தான் இருக்கும்.

பிட்ச்சில் குறைந்தது, ஆனால் சுற்றுக்கு நாலு ஐந்து பந்து தண்ணீருக்கும் காட்டுக்கும் போகிறது என்றால், இப்போதைக்கு அயனோமர் பந்து. இதில் தாழ்வு எதுவும் இல்லை. ஒவ்வொரு டீயிலும் பந்து போய்விடுமோ என்ற நினைப்போடு நின்றால் வீச்சே கெட்டுவிடும், அது எந்த உறையும் தரும் லாபத்தைவிடப் பெரிய நஷ்டம்.

வித்தியாசமே தெரியவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். வெட்ஜ் பந்துக்கு முன் தரையைத் தொடுகிறது, அல்லது பள்ளங்கள் தேய்ந்துவிட்டன. அந்த இரண்டையும் சரிசெய்த பிறகு ஐந்தாம் ஆறாம் படிகளை மட்டும் மறுபடி செய்யுங்கள். அதுவரை பந்துக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

கிரீனில் பந்தை உருட்டி உருட்டியே பழகியவர்களுக்கு யூரித்தேன் முதலில் எரிச்சலைத் தரும், குழிக்கு வெகுமுன்னால் நின்றுவிடும். ஒரு மாதம் கொடுங்கள். அப்போதும் உருட்டி ஆடுவதுதான் சுலபமாக இருக்கிறதென்றால் அதையே ஆடுங்கள், சுழற்சி அதிகம் என்பது எல்லோருக்கும் நல்லது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

11. வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

போட்டியில் ஆடுவீர்கள் என்றால் முதலில் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ இரண்டும் வெளியிடுகின்றன, மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. பந்தின்மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தும் குறியும் பட்டியலில் இருப்பதோடு பொருந்த வேண்டும், பெட்டியின் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது.

பயன்படுத்திய பந்து வாங்குவது நல்ல வழிதான், ஆனால் சுத்தம் செய்து தரம் பிரித்து விற்பதும், மேலே புதிதாகப் பெயின்ட் அடித்து விற்பதும் வேறு வேறு. புதிய பெயின்ட் குழிகளின் ஆழத்தை மாற்றும், கீழே இருக்கும் காயத்தை மறைக்கும், தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தது என்பதும் தெரியாது. பெயின்ட் அடித்தவற்றைத் தவிருங்கள். முதல் தரம் என்று பிரித்தவற்றில் உறை முழுதாக இருப்பவற்றை எடுங்கள்.

ஒரே மாடலில் இரண்டு மூன்று டஜன் சேர்த்து வாங்கலாம், மாடல் மாறினாலும் சில காலம் ஒரே பந்தில் ஆட முடியும். அறை வெப்பத்தில் வையுங்கள், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மாதக்கணக்கில் விடாதீர்கள். குளிர்காலத்தில் பந்தைச் சூடாக்கி அடிக்கும் யோசனை சிலருக்கு வரும். பந்தை வேண்டுமென்றே சூடாக்கி அதன் குணத்தை மாற்றி அடிப்பதை விதி தடை செய்கிறது, தண்டனை போட்டியிலிருந்து நீக்கம்.

ஒரு குழியை ஆடிக்கொண்டிருக்கும்போது பந்து வெட்டுப்பட்டாலோ பிளந்தாலோ மாற்றலாம், கீறலுக்கும் சிராய்ப்புக்கும் மாற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு குழி முடிந்ததும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுங்கள். நகத்தில் மாட்டும் அளவுக்கு உறை கிளம்பியிருந்தால் அடுத்த டீயில் புதுப் பந்து, பழையதைச் சிப் பயிற்சிப் பையில் போட்டுவிடுங்கள்.